தொடாமல் ஏறும் சார்ஜ்

பிஸ்கட் பாக்கெட் ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தேதியும் எம்.ஆர்.பி.யும் இருக்குமே, அதை அடிக்கிற இங்க்ஜெட் மெஷினோடு ஒன்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். அதில் முதல் இரண்டு வருஷம் அதைப் பற்றி நான் நினைத்திருந்ததே தப்பு.

முடி நுழைகிற அளவு ஓட்டையிலிருந்து மை தாரையாகப் பாயும். கரண்ட் கொடுத்தால் அதிர்கிற பீஸோ கிரிஸ்டலின் அதிர்வில் அது நொடிக்குப் பல்லாயிரம் துளிகளாக உடையும். உடைகிற இடத்தில் சார்ஜ் எலக்ட்ரோடு, கீழே சில ஆயிரம் வோல்ட்டில் தகடுகள். சார்ஜ் ஏறிய துளி வளைந்து பாக்கெட்டில் விழும். ஏறாதது நேரே கட்டர் (gutter) என்கிற வடிகாலில் விழுந்து டேங்குக்குத் திரும்பும். எலக்ட்ரோடிலிருந்துதான் துளிக்குக் கரண்ட் பாய்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு மார்கழி நைட் ஷிஃப்ட்டில் எழுத்தெல்லாம் தலை சரிந்து, 8 கிட்டத்தட்ட 3 மாதிரி விழுந்தது. எலக்ட்ரோடைச் சால்வென்ட் விட்டு மூன்று தடவை கழுவினேன். ஒன்றும் மாறவில்லை. விடிகாலையில் சீனியர் வந்தார்.

"ஏன்டா தம்பி, அது துளியைத் தொடவே இல்லையே, அதைக் கழுவி என்ன ஆகப்போகுது?"

மை மின்சாரம் கடத்தும். நாசில், அதாவது மை பாயும் அந்த ஓட்டை, எர்த்தில் இருக்கிறது. எலக்ட்ரோடில் பாசிட்டிவ் வோல்ட் வந்தால், எர்த்திலிருந்து நெகட்டிவ் சார்ஜ் தாரை வழியாகவே நுனிக்கு இழுக்கப்படுகிறது. அந்த நேரம் நுனி அறுந்தால் அங்கிருந்ததோடு துளி போய்விடும். பிறகு அந்தச் சார்ஜ் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. அறுபடும் கணத்து வோல்ட்தான் கணக்கு. எதிர்க்குறி சார்ஜ் என்பதைக் கவனியுங்கள். எண்ணெயில் மிதக்கும் தண்ணீர்த்துளி எலக்ட்ரோடைத் தொட்டால் கதையே வேறு: அதே குறியை வாங்கி, தள்ளப்பட்டு, எதிர்த் தகட்டுக்கு ஓடும், அங்கே மாற்றிக்கொண்டு திரும்பும்.

1867-இல் கெல்வின் என்ற விஞ்ஞானி, தொடாமலே சார்ஜ் ஏற்றுகிற இதே தூண்டலை வைத்து, இரண்டு டப்பா, இரண்டு வளையம், சொட்டும் தண்ணீர், இவ்வளவிலேயே தீப்பொறி வரவழைத்தார் என்றும் சீனியர் சொன்னார். வீட்டில் பால்பவுடர் டப்பாக்களோடு நானும் முயன்றேன். சென்னைக் காற்றின் ஈரத்தில் சார்ஜ் கசிந்ததோ என்னவோ, தரைதான் நனைந்தது. வீட்டில் திட்டு வேறு.

அன்றைக்கு அவர் லென்ஸைக் கையில் கொடுத்தார். விட்டுவிட்டு மின்னுகிற ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் தாரை அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தது: கழுத்து மெலிந்து, நூலாகி, துளி அறுகிற இடம் எலக்ட்ரோடின் கீழ் விளிம்பையும் தாண்டியிருந்தது. அதனால்தான் துளிக்குச் சார்ஜ் சரியாக ஏறவில்லை. மை கெட்டியானால் தாரை தாமதமாகத்தான் அறும். கெட்டியானது ஏன்? சால்வென்ட் ஆவியாகிக் குறைந்தால் ஈடுகட்டும் மேக்கப் கார்ட்ரிட்ஜ் காலி. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அதை அமுக்கியது நான்தான்.

கார்ட்ரிட்ஜ் மாற்றி, மையின் பதம் திரும்பியதும் 8 மறுபடி 8 ஆனது. அதற்குள் அடித்த பெட்டிகளை க்யூ.சி. நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், ஒவ்வொரு பாக்கெட்டாகத் துணியால் துடைத்து மறுபடி பெல்ட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.