விஷமம் ஒன்றும் இல்லை

"எந்தா விஷமம்?" என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சேச்சி கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காலை ஐந்தரை மணி. வாசற்படியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, அரை மணி நேரமாக ஒரு வரிகூட எழுதாமல் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் என்ன விஷமம் கண்டாள்? வெடுக்கென்று "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம் என்று சாயங்காலம் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பாவம், என்ன கவலையோ என்று விசாரித்திருக்கிறாள். மறுநாள் ஒரு கிண்ணம் சொதி கொண்டுபோய்க் கொடுத்துச் சரிக்கட்டினேன்.

திருநெல்வேலியிலிருந்து சித்தூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை. வாளையார் தாண்டினால் அயல்நாடா என்று சிரிப்பீர்கள். என் பெரியம்மாவுக்கு அயல்நாடுதான். "அவ மலையாளத்துல இருக்கா" என்பாள், சிங்கப்பூரில் இருப்பவளைச் சொல்வதுபோல.

எழுதுகிறவர்களுக்கு அமைதி வேண்டும் என்பார்கள். இங்கே அது கொட்டிக் கிடக்கிறது. வீட்டுக்கு வீடு தோப்பு, நடுவில் மதில். நான் எழுதிப் பழகியது நாலு குடித்தனம் இருந்த வளவில். "ஏட்டி, பால் பொங்குது, எங்கட்டி போய்த் தொலைஞ்ச?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி மருமகளைக் கூப்பிடும்போது என் பேனா தானாக ஓடும். ஆச்சி திட்டினால் எனக்கு அரைப் பக்கம். பதிலுக்கு மருமகள் பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் இன்னொரு அரைப் பக்கம்.

மற்ற பழக்கங்கள் எல்லாம் கூடவே வந்துவிட்டன. ஐந்து மணிக்கு எழுந்திருப்பது, கோடு போடாத நோட்டு, நாளுக்கு ஒரு பக்கம், நேற்று எழுதியதை வாய்விட்டுப் படித்துவிட்டு இன்றையதைத் தொடங்குவது. மார்கழியில் மட்டும் காற்றோடு சண்டை. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பிளந்து கிடக்கிற கணவாய் அல்லவா, கிழக்குக் காற்று நேராக என் ஜன்னலுக்குத்தான் வருகிறது. தாள் பறக்காமலிருக்க அம்மா கொடுத்துவிட்ட சின்னக் குழவியைத் தூக்கி வைத்திருக்கிறேன். சட்னி அரைக்கக் கொடுத்தது. எழுதி முடித்தால் நோட்டு லேசாகப் பூண்டு மணக்கும்.

காது மட்டும் கூட வரவில்லை. அது போன மாதம்தான் புரிந்தது. நான் எழுதுவதை முதலில் படிக்கிற நெல்லைச் சிநேகிதி போன் செய்தாள். "'அவள் கதவைத் திறந்து'ன்னு எழுதி முற்றுப்புள்ளி வச்சிருக்கே. திறந்து என்ன செஞ்சா?" நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலேயே மூன்று இடங்களில் அப்படித்தான் இருந்தது. மலையாளத்தில் ஞான் துறன்னு, அவன் துறன்னு, அவள் துறன்னு, எல்லோருக்கும் ஒரே வால். அந்த வால் எப்போது என் தமிழில் நுழைந்ததென்றே தெரியவில்லை. திறந்தாள் என்பதிலுள்ள அந்த 'ஆள்' போனால் என் கதையில் ஆளே இல்லையே! அன்று முழுக்க எனக்கு இரண்டு மொழியிலும் விஷமம்தான்.

சேச்சியிடம் சொன்னேன். ஆற்றங்கரைக்குப் போகச் சொன்னாள். இந்த ஊர் ஆற்றுக்குப் பெயரே சோகநாசினி. கரையில் மலையாளத்தின் ஆதிகவி துஞ்சத்து எழுத்தச்சன் வாழ்ந்த குருமடம். விஜயதசமிக்கு இங்கெல்லாம் குழந்தைகளின் விரலைப் பிடித்து அரிசியில் ஹரிஸ்ரீ எழுத வைப்பார்கள். மலையாளத்துக்கு எழுத்தச்சனானவரிடம் தமிழ் வால் கேட்பது நியாயமா என்று தெரியவில்லை. கும்பிட்டு வைத்தேன்.

அப்புறம்தான் இந்தப் புதுப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறை போகிறேன். காய்கறி வாங்க என்று வீட்டில் சாக்கு. உண்மையில் தமிழ் கேட்கத்தான். கடைவீதியில் நின்றால் காது நிறையும். காதில் விழுவதை டிக்கெட்டின் பின்பக்கம் கிறுக்கிக்கொள்வேன். முதல் நாள் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி பூரித்து, வெண்டைக்காய் விலை கேட்டேன். கடைக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த ஊருங்க? பேச்சு ஒரு தினுசா இருக்குதுங்களே." அவர்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் இல்லை. கொச்சி ராஜ்ஜியமாக இருந்தபோதும் இங்கேதான், 1956 நவம்பர் 1-இல் கேரளம் ஆனபோதும் இங்கேதான். அயலூர்க்காரி நான்தான். என் முகம் வாடியதைப் பார்த்து, "வெசனப்படாதீங்க" என்று இரண்டு காய் கூடப் போட்டார். அன்றைய டிக்கெட்டில் எழுதிய ஒரே சொல், வெசனம்.

இப்போது பழகிவிட்டது. வால்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று சிநேகிதியும் சொல்லிவிட்டாள். ஆனாலும் நேற்று விடியலில் ஒரு வசனம் நகராமல் நின்றபோது அம்மாவுக்கு போன் போட்டு, பேச வேண்டாம், போனை ஜன்னலில் வை என்றேன். காகம் கத்தியது. குழாயில் தண்ணீர் விழுந்தது. வேறு சத்தமே இல்லை.

"ஆச்சி எங்கம்மா?"

"பல் செட்டு கட்டியிருக்கா. ஒரு வாரமா வாயே திறக்கல."