காற்றை அழுத்தக் கூலி கொடுப்பது யார்?

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவியான டர்போ, என் டீசல் காரில் பழுதாகிக் கழற்றப்பட்ட அன்று, அதை மெக்கானிக்கிடமிருந்து கையில் வாங்கிப் பார்த்தேன். விரல் தடிமன்கூட இல்லாத ஓர் எஃகுத் தண்டு, அதன் இரு முனைகளிலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரண்டு சக்கரங்கள். ஒன்று பளபளக்கும் அலுமினியம், மற்றொன்று கரி படிந்து கறுத்துப்போன நிக்கல் கலப்பு உலோகம். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் சற்று ஆடத்தான் செய்யும், எஞ்சின் ஓடும்போது எண்ணெய்ப் படலம் அந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்று அவர் சொன்னார். ஆனால் என்னுடையது முன்னும் பின்னுமாகவும் நகர்ந்தது. இறக்கைகளின் நுனி உறையில் உரசித் தேய்ந்த தடம், நகத்தால் தடவினாலே தெரிந்தது.

அதற்குப் பிறகு டர்போவையும், அதே வேலையை வேறு வழியில் செய்யும் சூப்பர்சார்ஜரையும் பற்றி நிறையப் படித்தேன்; சூப்பர்சார்ஜர் பொருத்திய நண்பர் ஒருவரின் பெட்ரோல் காரைப் பலமுறை ஓட்டியும் பார்த்தேன். இவ்விரண்டையும் ஒப்பிடும்போது எனக்கு எப்போதும் கைகொடுப்பது ஒரே கேள்விதான்: காற்றை அழுத்தும் வேலைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள், எப்போது கொடுக்கிறார்கள்?

எஞ்சினுக்குள் எரிபொருளைக் கூடுதலாகச் செலுத்துவது எளிது. காற்றைக் கூடுதலாகக் கொடுப்பதுதான் கடினம். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின், பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே வருவதை நம்பியே இருக்கிறது. அந்தக் காற்றை முன்கூட்டியே அழுத்தி அனுப்பினால், அதே அளவு சிலிண்டரில் அதிக எரிபொருளை எரிக்கலாம். இதுவரை டர்போவுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

சூப்பர்சார்ஜர் தன் கூலியை எஞ்சினிடமிருந்தே ரொக்கமாக வாங்கிக்கொள்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டிலிருந்து வரும் பெல்ட் அதைச் சுழற்றுவதால், எஞ்சின் சுழலத் தொடங்கிய கணத்திலேயே அதுவும் சுழல்கிறது. அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றுப் பம்பின் வழிவந்த அமைப்பை இன்றும் பல கார்களில் காணலாம். கார் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் யோசனைக்கு ஜெர்மன் பொறியாளர் காட்லீப் டைம்லர் 1885இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். நண்பரின் காரை ஓட்டும்போது என்னைக் கவர்ந்தது வேகம் அல்ல, நேர்மை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு இழுவை, மிதித்த அந்த நொடியிலேயே கிடைக்கிறது. ஆனால் விலையும் கண்ணெதிரிலேயே இருக்கிறது. டாட்ஜ் நிறுவனத்தின் 6.2 லிட்டர் ஹெல்கேட் எஞ்சினில், முழு வேகத்தில் சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதற்கு மட்டும் ஏறக்குறைய 80 குதிரைத்திறன் செலவாகிறது. ஒரு சிறிய காரின் மொத்தத் திறனே அவ்வளவுதான்.

டர்போவின் கூலி, வீணாக வெளியேறும் புகையிலிருந்து வருகிறது. எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வெப்பமாகப் புகையோடு வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையின் பாதையில் ஒரு டர்பைனை, அதாவது இறக்கைகள் கொண்ட சக்கரத்தை வைத்து, அது சுழலும் விசையால் மறுமுனையில் காற்றை அழுத்தும் வழிக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஷி 1905இல் காப்புரிமை பெற்றார். இதை முற்றிலும் இலவசம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. டர்பைன் வழியை அடைப்பதால் புகையை வெளியே தள்ள எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் பெல்ட் தின்னும் திறனோடு ஒப்பிட்டால் இது குறைவு.

காற்றின் அடர்த்தி குறைந்த உயரங்களில் டர்போவின் அருமை நன்கு புரியும். 1918இல் ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர் சான்ஃபர்ட் மோஸ், சுமார் 350 குதிரைத்திறன் கொண்ட லிபர்ட்டி விமான எஞ்சினை அமெரிக்காவில் 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே 230 குதிரைத்திறன் அளவுக்குச் சரிந்த திறன், டர்போவை இணைத்ததும் மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. மலைப்பாதையில் என் காரும் பெரிதாகச் சோர்ந்துபோகாததற்கு அதே காரணம்தான்.

ஆனால் டர்போவுக்குக் கூலி கைக்கு வந்த பிறகுதான் வேலை. நான் மிதிக்க வேண்டும், எரிபொருள் கூட வேண்டும், புகை பெருக வேண்டும், டர்பைன் வேகமெடுக்க வேண்டும். அதன் பிறகே அழுத்தம் ஏறும். லாரியை முந்துவதற்காக எதிர்ப்பாதைக்கு வண்டியைத் திருப்பி, மிதித்தும் இழுவை வராமல் காத்திருக்கும் அந்த ஒரு நொடி எவ்வளவு நீளமானது என்பது டர்போ வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் நான் முந்துவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் சுழற்சியை ஏற்றி வைத்துக்கொள்கிறேன். சிறிய டர்பைன், கோணம் மாறும் இறக்கைகள் என்று பல வழிகளில் இந்தத் தாமதத்தைக் குறைத்திருக்கிறார்கள். 2005இல் ஃபோக்ஸ்வேகன் ஒரே 1.4 லிட்டர் எஞ்சினில் இரண்டையுமே பொருத்தியது. தொடக்கச் சுழற்சியில் சூப்பர்சார்ஜர் உதவும். நிமிடத்திற்கு 3,500 சுழற்சியைத் தாண்டினால் அது விலகிக்கொள்ள, டர்போ தனியாகப் பார்த்துக்கொள்ளும். அறிவார்ந்த ஏற்பாடுதான், ஆனால் பாகங்கள் பெருகினால் பராமரிப்பும் பெருகும்.

தினசரிப் பயணத்துக்கும் மைலேஜுக்கும் டர்போ, மிதித்ததும் பதில் தரும் இன்பத்துக்கு சூப்பர்சார்ஜர் என்பதே என் தீர்ப்பு. நான் மறுபடியும் டர்போவைத்தான் எடுப்பேன், ஆனால் அதன் தேவைகளை இப்போது மதிக்கிறேன். நிமிடத்திற்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலும் அந்தத் தண்டுக்கு எண்ணெய் ஒன்றே துணை. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடுகிறது. தேங்கிய எண்ணெய், சூட்டில் வெந்து கரியாகப் படிகிறது. என் காரில் அப்படி அடைபட்டிருந்தது டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாய்தான். பல ஆண்டுகளாக அப்படி அணைத்தவன் நான்தான்.

புதிய டர்போவைப் பொருத்தியபோது, மெக்கானிக் எண்ணெய்க் குழாயை இணைப்பதற்கு முன் டர்போவின் எண்ணெய் வாயில் சிறிது எண்ணெயை ஊற்றி, சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றிவிட்டார். எஞ்சினைக் கிளப்பிய பிறகும் சில நிமிடங்கள் ஆக்ஸிலேட்டரைத் தொடவேண்டாம் என்றார். பிறகு அவர் தலையசைத்ததும் மெதுவாக மிதித்தேன். பானட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய சீழ்க்கை போல ஓர் ஒலி எழுந்து ஏறியது.