மூன்றாம் கோயில் கிணறு

நவம்பர் 5
ரியோசென்ஜி. ஜப்பானின் ஷிகோகு தீவைச் சுற்றும் யாத்திரையின் 88 புத்தக் கோயில்களில் முதலாவது. யாத்ரீகரின் வெள்ளை மேலங்கி, தடி, ஒவ்வொரு கோயிலிலும் முத்திரை வாங்க ஒரு நோட்டு, எல்லாம் வாங்கியாச்சு. முழுச் சுற்று சுமார் 1,200 கிலோமீட்டராம். எனக்கு லீவு ஐந்து நாள். பன்னிரண்டாவது வரை போனால் போதும்.

இரவு
மூன்றாவது கோயில் கொன்சென்ஜியில் ஒரு கிணறு. எட்டிப் பார்த்து முகம் தெளிவாகத் தெரிந்தால் ஆயுசு 92. தெரியாவிட்டால் மூன்று வருஷம்தான். என் முகம் தெரிந்தது. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். போனில் அம்மா படத்தை எடுத்துக் கிணற்றுக்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்தேன். பளிச்சென்று தெரிந்தாள். ஆனால் அது திரை வெளிச்சம்தானே? வெளிச்சத்தைக் குறைத்தேன். ஒன்றுமே இல்லை, கறுப்புத் தண்ணீர். எதற்குக் குறைத்தேன்?

நவம்பர் 6
அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை.

மாலை
பத்தாவது கோயிலுக்கு 333 படி. அப்புறம் யோஷினோ ஆறு. வெள்ளம் வந்தால் மேலேயே ஓடட்டும் என்று கட்டிய தாழ்வான பாலம், கைப்பிடிச் சுவர் கிடையாது. பாலத்தில் தடியை ஊன்றக் கூடாது. கோபோ தாய்ஷி, இந்த யாத்திரைக்கே மூலமான துறவி, ஒரு ராத்திரி ஏதோ பாலத்தடியில் படுத்துக் கிடந்தவர், தட்டினால் தூக்கம் கலையுமாம். அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். சின்ன லாரி ஒன்று வந்தது. ஓரத்தில் ஒட்டி நின்றேன், கீழே தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

விடுதியில் முதலில் தடியின் காலைக் கழுவ வேண்டும், தடிதான் தாய்ஷி. கழுவித் துடைத்து மாடத்தில் சாய்த்த பிறகுதான் என் காலைப் பார்த்தேன். சாக்ஸெல்லாம் ரத்தம்.

பயாப்ஸிக்கு இத்தனை நாளா?

நவம்பர் 7
ஷோசன்ஜி, பன்னிரண்டாவது. 13 கிலோமீட்டர் மலைப்பாதை, எட்டு மணி நேரம். 'யாத்ரீகரை உருட்டிவிடும் இடம்' என்று சும்மாவா பேர் வைத்தார்கள்! முத்திரை அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும், நான் போனது 4.40. அந்த அம்மாள் அவசரமே படவில்லை. மூன்று சிவப்பு முத்திரை, அதன்மேல் தூரிகையில் 'சித்தம்' என்கிற பழைய சமஸ்கிருத லிபியில் ஓர் எழுத்து, கடைசி இழுப்பில் மை வற்றி நார் நாராகத் தெரிகிறது. 500 யென்.

சன்னிதியில் ஒரு முதியவர் குழு சூத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் தாளைப் பார்த்துச் சேர்ந்துகொண்டேன். "க்யாதே க்யாதே ஹராக்யாதே." நம்ம சமஸ்கிருத 'கதே கதே பாரகதே'தான். போயாச்சு, போயாச்சு, அக்கரைக்குப் போயாச்சு. அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

சிக்னல் இல்லை. வெள்ளை மேலங்கி எதற்கு என்று இன்றைக்குத்தான் கேட்டேன். வழியில் செத்தால் அதிலேயே புதைக்கலாம், தடியை மேலே நட்டுவிடலாம். அந்தக் காலத்தில் அப்படித்தானாம். மேலங்கியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நவம்பர் 8
தோகுஷிமா போகும் பஸ். சிக்னல் வந்ததும் அக்காவின் மிஸ்டு கால் நான்கு. மெசேஜ் எதுவும் இல்லை, கால் மட்டும். பஸ்ஸில் போன் பேசக் கூடாது. நல்ல சாக்கு.

ஸ்டேஷனுக்கு வந்தாச்சு. திருப்பிக் கூப்பிடவில்லை. மூன்றாவது கோயில் இருக்கிற இதானோவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். வெளிச்சத்தைப் பாதியில் வைத்து