பேட்டரி மேல் போட்ட பழி

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்தாயிற்று. பிசான நெல் நடவுக்குத் தொழி அடிக்க, அதாவது வயலைச் சேறாக உழ வேண்டும். சாவியைத் திருப்பினால் அப்பா காலத்து டிராக்டர் 'டக்' என்கிறது, அதோடு சரி.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி திருப்பினேன். லைட் அப்படியே மங்கி அணைந்தது. "பேட்டரி போச்சு அண்ணாச்சி" என்றான் டிரைவர் பையன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புது பேட்டரி ஆறாயிரம் ரூபாய். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் 'டக்'.

அப்புறம் ஒரு வாரம் தினமும் ராத்திரி வண்டியைக் கால்வாய்க் கரைச் சரிவில் நிறுத்திவிட்டு, காலையில் உருட்டித்தான் எடுத்தேன். டீசல் இன்ஜினுக்குப் பொறி தேவையில்லை. உள்ளே அமுங்கிய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். இன்ஜின் சுற்றினால் போதும். ஆனால் வயலுக்குள் வண்டி நின்றுபோனால் தொலைந்தது. சாப்பிடும்போதுகூட இன்ஜினை அணைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்பையிலிருந்து அத்தான் மல்டிமீட்டரோடு வந்தார். இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துப் பார்க்கலாமா என்றேன். திட்டினார். கீழே நின்று அப்படிச் செய்யும்போது வண்டி கியரில் கிடந்தால் நம் மேலேயே ஏறிவிடுமாம்.

நியூட்ரல் பார்த்து, பிரேக்கைப் பூட்டி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் குமிழிலும் (கிளாம்பில் இல்லை, குமிழிலேயே) மற்றதை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்துக்கொண்டு, "இப்ப திருப்பு மாப்ள" என்றார். 7 வோல்ட். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பேட்டரியின் மைனஸை வண்டி இரும்போடு சேர்க்கும் எர்த் வயரின் முனையைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஹெட்லைட்டும் அதே எர்த்தில்தான் திரும்புகிறது என்பதால் அதுவும் சேர்ந்து மங்கி எங்களை ஏமாற்றியிருக்கிறது.

இதற்குக் காரணம் நான்தான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வண்டி பளபளவென்று இருக்கட்டும் என்று பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தேன். பெயின்டர் எர்த் வயரைக் கழற்றி, அடியில் சிவப்பு அடித்து, அதன் மேலேயே முடுக்கிவிட்டார். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய், பிசானத்துக்கு முந்தைய கார் நெல் சாகுபடி வரை ஒப்பேறியிருக்கிறது. மழையில் துரு பிடித்ததும் அதுவும் நின்றது.

உப்புத்தாள் வைத்து இரும்பு மின்னும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். மீட்டர் 0.2 காட்டியது. வண்டி முதல் திருப்பிலேயே எழுந்தது.

"பழைய பேட்டரி எங்க?"

"எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன் அத்தான். அக்காகிட்ட சொல்லிராதீங்க."

சாயங்காலமே அக்கா போன் செய்துவிட்டாள்.