புதுச்சேரி வெயிலும் என் பீர் வாளியும்

சென்ற சித்திரையில், லாஸ்பேட்டையில் உள்ள என் வீட்டில் பீராக நொதிக்கவைக்கும் இனிப்பான மால்ட் சாறான வோர்ட்டை 10 லிட்டர் காய்ச்சி ஆறவைத்தபோது, வெப்பமானி 31 டிகிரி காட்டியதும் இது கை பொறுக்கும் சூடுதானே என்று எண்ணி ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட்டைத் தூவிவிட்டேன். மறுநாள் அறை 32 டிகிரியில் இருந்தது, வாளிக்குள் 36. இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது கனிந்த வாழைப்பழ வாசனையும் அதன் பின்னாலேயே நகப்பூச்சு நெடியும் எழுந்தன. ஒரு வாய் குடித்ததும் தொண்டை எரிந்தது. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று.

ஈஸ்ட் சர்க்கரையை நொதிக்கவைக்கும்போது தானும் வெப்பத்தை வெளியிடுவதால், வோர்ட் எப்போதும் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகளுக்கு 18 முதல் 22 டிகிரி வரை உகந்தது. அதற்கு மேல் போனால் பழ வாசனை தரும் எஸ்டர்களும், எரிச்சலூட்டும் ஃபியூசல் ஆல்கஹால்களும் பெருகும். ஈஸ்ட் பல்கிப் பெருகும் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே இவை பெரும்பாலும் உண்டாகிவிடுவதால், பிறகு குளிரவைத்துப் பயனில்லை.

நம் ஊரில் முதல் தடை தண்ணீர். வோர்ட்டுக்குள் இறக்கிய செப்புக் குழாய்ச் சுருளில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டால், வோர்ட் அந்தத் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. நண்பகலில் மாடித் தொட்டித் தண்ணீரோ கையைச் சுடுகிறது. ஆகவே விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் வோர்ட்டை ஆறவைக்கும்படி, இரவிலேயே அடுப்பை மூட்டுகிறேன். அப்போதும் 32 டிகிரியோடு நின்றுவிடும். அங்கிருந்து 18 டிகிரிக்கு 10 லிட்டரை இறக்க ஏறத்தாழ 140 கிலோ கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கே 80 கிலோ கலோரி இழுத்துக்கொள்ளும். கணக்குப்படி ஒன்றே முக்கால் கிலோ போதும் என்றாலும், அண்டாவும் காற்றும் பங்கு கேட்பதால் நான் 3 கிலோ வைத்துக்கொள்கிறேன். ஐஸ் போட்ட தண்ணீரைச் சிறு பம்ப் கொண்டு சுருளுக்குள் சுற்றவிடுவதால், மீன் விற்பவரிடம் வாங்கிய ஐஸானாலும் அது வோர்ட்டைத் தொடுவதில்லை.

வாளியைச் சுற்றி ஈரத்துணி கட்டும் யோசனையைப் பலர் சொல்கிறார்கள். காற்று வறண்ட ஊர்களில் அது நன்றாகவே வேலை செய்யும். கடற்காற்றின் ஈரம் நிறைந்த இங்கே துணி எளிதில் உலராது, வாளியும் போதுமான அளவு குளிராது. பழைய குளிர்பதனப் பெட்டியும் அதை இயக்கி நிறுத்தும் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும்தான் எனக்குக் கைகொடுத்தன. அக்கருவியின் உணரியைக் காற்றில் தொங்கவிடாமல், வாளியின் பக்கச் சுவரில், வோர்ட் மட்டத்துக்குக் கீழே வைத்து, மேலே ஸ்பாஞ்சுத் துண்டை அழுத்தி டேப் ஒட்டிவிட வேண்டும். காற்றை அளந்தால் பெட்டி 19 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்க, உள்ளே 23 ஆகிவிடும்.

நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளின் குவெய்க் ஈஸ்ட் 30 டிகிரிக்கு மேலும் நன்றாக நொதிக்கும். பெட்டி வாங்க இயலாதவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். குளிரில் நொதிக்கும் லாகர் வகைப் பீருக்கு 8 முதல் 13 டிகிரி வரை வேண்டும் என்பதால் அதை இன்னும் முயலவில்லை.

இப்போது 18 டிகிரியில் ஈஸ்ட்டைச் சேர்த்து, மூன்று நாள் 19 டிகிரியில் நிறுத்துகிறேன். நுரை தணியத் தொடங்கியதும் 21 வரை ஏறவிடுவேன். வெண்ணெய் வாசம் தரும் டைஅசெட்டைலை ஈஸ்ட்டே உண்டு தீர்க்க அந்தச் சூடு உதவுகிறது.