காரைக்குடியில் பழைய வாட்ச் வாங்கப் போகிறவர்களுக்கு

முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய சாமான் கடைகளில் எனாமல் தூக்குக்கும் மரச் சிற்பத்துக்கும் நடுவே ஒரு தட்டில் சாவி கொடுக்கிற வாட்சுகள் கிடக்கும். வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா, ரோமர், எச்.எம்.டி. என்று கலந்துகட்டி. “பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன செட்டியார் வீட்டு வாட்ச் சார்” என்று ஒரு கதையும் கூடவே வரும். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள், டயலைப் பாருங்கள்.

ஆரஞ்சும் பச்சையுமாகப் பளபளக்கிற டயல் என்றால் பெரும்பாலும் பிற்பாடு பெயின்ட் அடித்தது. ஃபேவர் லூபாவின் சீ கிங் மாடலைத்தான் இப்படி அதிகம் படுத்தியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவுவது பழைய வார இதழ் விளம்பரங்கள். பெயருக்குக் கீழே என்ன எழுத்து, நொடி முள் நடுவிலா அல்லது ஆறு மணிப் பக்கம் தனி வட்டத்திலா, எண்களா கோடுகளா, ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் வளைவு எப்படி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் சாயம் வெளுத்துவிடும். ஓவியர்கள் வாட்சைக் கொஞ்சம் ஒல்லியாக்கித்தான் வரைவார்கள், அதனால் அளவை நம்ப வேண்டாம், அமைப்பை மட்டும் நம்புங்கள்.

சரி, கிழிந்த தாளில் தேதி இல்லையே? விலையைப் பாருங்கள். அணாக் கணக்கில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது, நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன் போக வாய்ப்பே இல்லை. எச்.எம்.டி. பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு வாட்ச் செய்யத் தொடங்கியதே 1961-ல்தான், ஆக “ஐயா கல்யாணத்துக்கு 1955-ல் வாங்கிய எச்.எம்.டி.” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். ஒன்று மட்டும் கவனம்: விளம்பரப் படத்துக்கு அச்சு பிளாக் (அச்சடிக்கிற கட்டை) ஒருமுறை செய்தால் வருஷக்கணக்கில் அதையே போடுவார்கள். அந்தத் தேதியில் அந்த மாடல் விற்பனையில் இருந்தது என்பதைத் தாண்டி, எப்போது செய்தது என்று விளம்பரத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

நம்ம ஊர்க்காரர் கோட்டையூர் ரோஜா முத்தையா இந்த மாதிரித் தாள்களையெல்லாம் சேர்த்து வைத்த மனுஷர். அவர் சேகரிப்பை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. இங்கேயோ பழைய செட்டிநாட்டு வீட்டைக் காலி செய்யும்போது பித்தளையைக் கிராம் சுத்தமாக நிறுக்கிறோம், பெட்டியில் இருக்கிற பத்திரிகைக் கட்டு அப்படியே எடைக்குப் போகிறது. வயிறு எரியும்.

அப்புறம், விளம்பரத்தைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதில் 17 ஜுவல் (இயந்திரத்தில் தேய்மானத்தைக் குறைக்க வைக்கிற சின்னக் கற்களின் எண்ணிக்கை) என்று இருந்தால் பின் மூடியைத் திறந்து இயந்திரத்திலும் அது பொறித்திருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். திறக்க மாட்டேன் என்றால் அடுத்த கடை இருக்கவே இருக்கிறது.