ஸ்பிட்ஃபயருக்கும் மெட்ராஸ் ஹெரால்டுக்கும் என்ன சம்பந்தம்?

விமானத்துக்கும் காருக்கும் ஒரே பெயர் எதெதற்கு என்று இணையத்தில் தேடினால் நீளநீளமான பட்டியல்கள் வரும். மஸ்டாங், ஃபால்கன், ஃபாண்டம், ஹார்னெட், ஜாவலின், ஹண்டர் என்று போய்க்கொண்டே இருக்கும். எனக்கு அந்தப் பட்டியல்கள் மேல் ஒரு மனக்குறை. தற்செயலாக ஒத்துப்போன பெயரையும், ஒரே ஊரில், சில சமயம் ஒரே கம்பெனிக்குள் விமானமும் காரும் உருவான கதையையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். யார் கட்டியது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், விஷயம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் பெயரை வைத்த காரும், மெட்ராசில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரும் ஒரே கதைக்குள் வந்துவிடும்.

எல்லோரும் முதலில் சொல்லும் மஸ்டாங்கையே எடுத்துக்கொள்வோம். ஃபோர்டின் டிசைனர் ஜான் நஜாருக்கு பி-51 மஸ்டாங் போர் விமானம் ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் 1962இல் செய்த சோதனை வண்டிக்கு அந்தப் பெயரைச் சொன்னார் என்பார்கள். ஆனால் 1964இல் கடைக்கு வந்த வண்டியின் முகப்பில் ஓடிக்கொண்டிருந்தது குதிரைதான். பி-51ஐக் கட்டியது நார்த் அமெரிக்கன் கம்பெனி. அதை ஜெர்மனி வரை போய்த் திரும்பும் விமானமாக மாற்றியது ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சின். அந்த எஞ்சினை லைசென்ஸ் எடுத்து அமெரிக்காவில் செய்து கொடுத்தது டெட்ராய்ட்டின் பேக்கார்ட் என்ற கார் கம்பெனி. ஃபோர்டும் மெர்லின் செய்தது, ஆனால் மான்செஸ்டரில், 30,000க்கு மேல். மஸ்டாங் விமானத்தோடு ஒரு கார் கம்பெனிக்கு உறவு இருந்தது என்றால் அது பேக்கார்டுக்குத்தான், பெயரை எடுத்துக்கொண்டது ஃபோர்டு.

நம் பக்கம் ஹாரியர். டாடா 2019இல் ஹாரியரை இறக்கியபோது, கோவாவில் நம் கடற்படை ஓட்டிய சீ ஹாரியர் நினைவுக்கு வராத விமானப் பிரியர் யாரும் இருந்திருக்க முடியாது. 1983 கடைசியில் வந்து 2016இல் ஓய்வு பெற்ற விமானம், விராட் என்ற விமானம் தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து அது எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் சாதாரணப் பெயர் இல்லை. வண்டிக்கும் விமானத்துக்கும் வேறு தொடர்பு ஒன்றும் கிடையாது. ஆனால் ஹாரியர் விமானத்தைக் கட்டிய ஹாக்கர் சிட்லி குழுமத்துக்குள்ளேயே ஒரு கார் கம்பெனி இருந்தது, அதைத்தான் அந்தப் பட்டியல்களில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கம்பெனி ஆம்ஸ்ட்ராங் சிட்லி. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரம். ஒரு பக்கம் விமான எஞ்சின், இன்னொரு பக்கம் கார். 1935இல் ஹாக்கர் கம்பெனி இவர்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டதும் ஹாக்கர், அவ்ரோ, ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டன. 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிகிற நேரத்தில் இவர்கள் புதுக் கார்களை அறிவித்தார்கள். நாலு கதவு வண்டிக்கு லங்காஸ்டர், கூரையை மடக்கும் வண்டிக்கு ஹரிக்கேன். அப்புறம் இரண்டு கதவு டைஃபூன் வந்தது, 1949இல் விட்லி வந்தது. நாலுமே அதே குழுமம் கட்டிய போர் விமானங்கள்! லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் அவ்ரோவின் டிசைன், அதில் ஒரு பங்கு கவென்ட்ரியிலேயே கட்டப்பட்டது. விட்லி விமானமும் அந்த ஊர்தான், அதன் ஆரம்ப ரகங்களில் ஓடியதும் ஆம்ஸ்ட்ராங் சிட்லியின் டைகர் எஞ்சின்தான். 1940 நவம்பர் 14 ராத்திரி குண்டு மழையில் எரிந்துபோன ஊர் அது. ஐந்து வருஷம் கழித்து அந்த ஊர்க்காரர்கள் தங்கள் காருக்கு லங்காஸ்டர் என்று பெயர் வைத்தால் அந்தப் பெயருக்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்றுதான் நான் சொல்வேன்.

வண்டிகளும் லேசுப்பட்டவை இல்லை. ஆறு சிலிண்டர், முதலில் 2 லிட்டர். பலவற்றில் பிரீசெலக்டர் கியர் வரும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன லீவர், அடுத்து எந்த கியர் வேண்டுமோ அதை முன்கூட்டியே அதில் வைத்துவிடலாம். உடனே எதுவும் நடக்காது. திருப்பம் வரும்போது இடது கால் பெடலை ஒரு தடவை மிதித்து விட்டால் கியர் மாறிவிடும், கை ஸ்டியரிங்கை விட வேண்டியதே இல்லை. இன்றைக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி கியர் மாற்றுகிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இதே கம்பெனியிடம் இன்னொரு பெயரும் இருந்தது. 1920களில் இவர்கள் செய்த விமான எஞ்சின் ஒன்றுக்குப் பெயர் ஜாகுவார். அதே கவென்ட்ரியில் எஸ்.எஸ். கார்ஸ் நடத்திக்கொண்டிருந்த வில்லியம் லயன்ஸ் 1935இல் தன் புது வண்டிக்கு ஜாகுவார் என்று வைக்க விரும்பியபோது ஆம்ஸ்ட்ராங் சிட்லியிடம் கேட்டு அனுமதி வாங்கித்தான் வைத்தார். போருக்கு அப்புறம் கம்பெனி பெயரே ஜாகுவார் ஆனது. நம் விமானப்படை 1979இலிருந்து ஓட்டும் ஜாகுவார் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து செய்தது, அதற்கும் காருக்கும் உறவில்லை. கார் கம்பெனி 2008இலிருந்து டாடா கையில்.

பிரிஸ்டல் கதையும் நியாயமான கதைதான். பிரிஸ்டல் ஏரோப்ளேன் கம்பெனியே போருக்குப் பிறகு கார் செய்ய இறங்கியது. ரொம்ப காலம் வெறும் நம்பர்தான் பெயர், 1980களிலிருந்து பழைய விமானங்களின் பெயர்களை எடுத்தார்கள்: பியூஃபைட்டர், பிரிகாண்ட், பிரிட்டானியா, பிறகு பிளென்ஹைம். சொந்தத் தாத்தா பெயரை வைக்கிற மாதிரிதான், யாரும் குறை சொல்ல முடியாது.

சரி, இப்போது ஸ்பிட்ஃபயர். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1962 அக்டோபரில் வந்த இரண்டு சீட்டு குட்டி ஸ்போர்ட்ஸ் கார். டிரையம்ஃப் யாருடையது? கவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியுடையது. போரில் ஸ்டாண்டர்ட் கட்டியது ஸ்பிட்ஃபயரை இல்லை, மரத்தால் ஆன மஸ்கிட்டோ விமானத்தை, ஆயிரத்துக்கும் மேல். ஸ்பிட்ஃபயர் விமானங்கள் அதிகமாக வந்தது பர்மிங்ஹாம் பக்கத்தில் காசில் பிராம்விச் தொழிற்சாலையிலிருந்து, 12,000 அளவில். அதை முதலில் பொறுப்பெடுத்து ஆரம்பித்தவர் மோரிஸ் கார்களின் நஃபீல்டு பிரபு, 1940இல் விக்கர்ஸ் என்ற விமானக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பெயரளவில் பார்த்தால் டிரையம்ஃபுக்கு உரிமை கொஞ்சம் குறைவுதான் என்று நானும் நினைத்திருப்பேன், அதன் பிறகு நடந்தது தெரியாமல் இருந்தால்.

போர் முடிந்ததும் காசில் பிராம்விச் தொழிற்சாலை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கார் பாடி செய்யும் கம்பெனிக்குப் போனது. ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்தவர்கள் இவர்கள். 1953இல் ஃபிஷர் அண்ட் லட்லோவை போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஸ்டாண்டர்டுக்குத் தலைவலி. அடுத்த வண்டிக்கு முழு பாடியை ஒரே கூடாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் எல்லோரும் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய முறைக்கே போனார்கள்: தனியாக ஒரு சேஸி, அதாவது இரும்பு அடிச்சட்டம், அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் பாடி. 1959இல் வந்த அந்த வண்டிதான் டிரையம்ஃப் ஹெரால்டு. சேஸி தனியாக இருந்ததால் அதை நீளம் குறைத்து மேலே வேறு பாடி மாட்டுவது சுலபம், அப்படிக் குறைத்த சேஸியில் பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர் கார். பாடி டிசைன் இத்தாலியின் மிச்செலோட்டி. பணம் இல்லாமல் மாதிரி வண்டியைத் துணி போட்டு ஒரு மூலையில் நிறுத்தியிருந்தார்கள். கம்பெனியை வாங்கிய லேலண்டின் ஆட்கள் சுற்றிப் பார்க்க வந்தபோது துணியை விலக்கிப் பார்த்து, இதைச் செய்யலாம் என்றார்கள். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது.

துண்டு துண்டாக மாட்டும் வண்டி என்பதால் வெளிநாட்டில் கொண்டுபோய்க் கோர்ப்பதும் சுலபம். அப்படித்தான் ஹெரால்டு மெட்ராசுக்கு வந்தது. 1961இலிருந்து வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் காருக்கு நேரடி ரத்த சொந்தம். பானட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து மூக்கு முழுக்க முன்பக்கமாகக் கவிழும், மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். ஸ்பிட்ஃபயரிலும் அப்படியே. எஞ்சினும் அதே வம்சம், ஸ்பிட்ஃபயரில் 1147 சிசியும் இரட்டை கார்புரேட்டரும். பின் சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்ஸில் நம் மெக்கானிக்குகளுக்கு ஒத்துவரவில்லை, 1972இல் அதே கம்பெனி கொண்டுவந்த கெஸல் காரில் அதை எடுத்துவிட்டு சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். நாலு கதவு ஹெரால்டு நம் ஊரில் மட்டும்தான் வந்தது. ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கும் மெட்ராசுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு: மதராஸ் மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்கு நன்றியாக ஆங்கிலேய விமானப்படையின் 234ஆம் ஸ்க்வாட்ரனுக்கு மதராஸ் மாகாணத்தின் பெயரை வைத்தார்கள், 1940இல் அவர்கள் ஓட்டியது ஸ்பிட்ஃபயர்.

கடைசியாக, சுத்தமான தற்செயல்தான், ஆனாலும் விட மனசில்லை. நம் அம்பாசடர் கார் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. ஏர்ஸ்பீட் என்ற ஆங்கில விமானக் கம்பெனி ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு பயிற்சி விமானம் செய்தது, போரில் அதையும் நூற்றுக்கணக்கில் கட்டிக் கொடுத்தது அதே ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. போருக்கு அப்புறம் ஏர்ஸ்பீட் செய்த பயணிகள் விமானத்தின் பெயர் அம்பாசடர். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைடெட் வீரர்களோடு விபத்துக்குள்ளாகி 23 பேர் இறந்தது அந்த விமானத்தில்தான். மொத்தம் செய்ததே இருபத்திச் சொச்சம், மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசியம் பாருங்கள். அங்கே ஸ்பிட்ஃபயரும் பறக்கும்.